கழுத்துக்காரி

என்னை ‘டிரைவரே’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு. ‘பால்வண்டி’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு. என் சம்சாரம் கோபத்தில் கூப்பிடுவதை எழுதினால் அச்சில் வராது. ஆனால் ‘கழுத்து’ என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான். “அடுத்த கழுத்து வரலாம்” என்று கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து சத்தம் வரும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் நாலைந்து கழுத்துகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வோம்.

பாலக்காட்டில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி. மாடியில் டெஸ்ட் எடுக்கும் கடைசி அறை அவளுடையது. நாற்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, எதையும் நம்பாத கண். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் மாறி அவள் காலில் விழுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு வாய்க்கால். மீனாட்சிபுரம் பக்கத்துப் பால் சங்கத்தில் அப்போது நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேன் எடுத்து வருவதுதான் வேலை. என் சம்சாரம் தையல் கம்பெனிக்குப் போக வேண்டும் என்பதால் தினமும் முன் சீட்டில் அவளும் வருவாள். ஒரு நாள் காலையில் கோவிந்தாபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது ரோடு எழுந்து நின்றது. நிஜமாகவே நின்றது. தென்னை மரங்கள் படுத்துக்கொண்டன. முன் சக்கரம் வாய்க்காலில் இறங்கி, வண்டி சாய்ந்து, நாலு கேன் பாலும் வாய்க்காலோடு போயிற்று. அன்றைக்குக் கீழ்ப்பக்கம் குளித்தவர்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள் என்று நான் சொன்னேன். என் சம்சாரம் சிரிக்கவில்லை. அவள் முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

“நீங்க உழுந்தா சிரிச்சுக்குவீங்க. நான் உழுந்தா யாருங்க சிரிக்கறது?” என்றாள்.

சங்கத்துச் செக்ரட்டரி சாவியை வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். “தலை சுத்தறதெல்லாம் காதுக் கோளாறுங்க. காது டாக்டருகிட்ட ஒரு சர்ட்டிபிக்கட் வாங்கியாங்க. சாவி இங்கியே கெடக்கும்” என்றார். எனக்கு வேறு வேலை தெரியாது. வண்டிக்கு வெளியே நான் வெறும் வாய்.

அந்தச் சர்ட்டிபிக்கட்டைப் பத்தே நிமிடத்தில் வாங்கினேன், பொள்ளாச்சியில். அங்கே டெஸ்ட் எடுத்த பெண் தங்கமான பெண். நான் சொன்னதற்கெல்லாம் சிரித்தது. கழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, காதில் ஒரு குழாயைச் செருகி, தலையைத் திருப்பித் தூக்கிப் பிடிக்கச் சொன்னது. காதுக்குள் டக் டக் டக் என்று சத்தம். எனக்கு வலது காதில்தான் கொஞ்ச நாளாகக் குடத்துக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி இருந்தது. அதனால் வலது காதுக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, முழு பலத்தையும் கொடுத்தேன். என்ன ஏது என்று தெரிந்து செய்யவில்லை. எடை போடும்போது மெலிந்த ஆள் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்துவானே, அந்த மாதிரி. ‘இரண்டு பக்கமும் சமம்’ என்று தாள் வந்தது. வேலந்தாவளம் சந்தையில் கிழட்டு மாட்டைக் கொம்பு சீவி விற்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

செக்ரட்டரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது அந்தப் பக்கத்துச் சீட்டுங்க. நம்ம இன்சூரன்சுக்காரன் இந்தப் பக்கத்து ஆசுபத்திரிச் சீட்டுத்தான் கேப்பான். பாலக்காட்டுக்குப் போயிட்டு வந்துருங்க” என்றார். பொள்ளாச்சி தமிழ்நாடு, எங்கள் ஊர் கேரளா; நடுவே ஒரு செக்போஸ்ட்தான். பாலுக்கு எல்லை கிடையாது, தலை சுற்றலுக்கும் கிடையாது. தாளுக்கு மட்டும் உண்டு.

அப்படித்தான் கழுத்துக்காரியிடம் போனேன்.

முதல் நாள் அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காதுக்குள் டார்ச் அடித்தாள். “அழுக்கு அடச்சிருக்கு. எடுத்துட்டு வாங்க” என்றாள்.

“டெஸ்ட்டுங்க?”

“கதவச் சாத்திட்டு வெளிய நின்னு கூப்பிட்டா உள்ள இருக்க ஆளுக்குக் கேக்குமா? அழுக்கு இருந்தா சத்தம் உள்ள போகாது. பொறவு காது செத்துப் போச்சுன்னு நான் எழுதணும். போய் எடுத்துட்டு வாங்க.”

பேச்சிலேயே ஆள் எங்கள் பக்கம் இல்லை என்று தெரிந்தது. இடுக்கி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவளாம். அரை நாள், இரண்டு பஸ், ஒரு காதழுக்கு. அன்றைக்கு வீட்டில் அவள் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினேன். என் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இரண்டாம் முறை போனபோது அவளுடைய முழு சுயரூபத்தையும் பார்த்தேன். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால் தையல்காரன் மாதிரி இன்ச் டேப்பை எடுத்து, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பிலிருந்து காறை எலும்பு வரைக்கும் அளந்து, பாதியில் பேனாவால் புள்ளி வைத்தாள். அந்தப் பக்கமும் அதே மாதிரி அளந்தாள். பிறகு மணல் மணலாக ஒரு பசையைப் போட்டுத் தோலைத் தேய்த்தாள். சட்டியில் அடிப்பிடித்ததை இப்படித்தான் தேய்ப்பார்கள்.

“ஏனுங்க அம்மிணி, சட்டை தெக்கறதுன்னா காலரு கொஞ்சம் பெருசா வெய்யுங்க” என்றேன்.

“பேசாதீங்க. பேசினா கழுத்து ஆடுது.”

தலையைத் தூக்கித் திருப்பச் சொன்னாள். கம்ப்யூட்டர் திரையில் பச்சை நிறத்தில் ஒரு கட்டை, கழுத்து இறுகினால் ஏறியது, தளர்ந்தால் இறங்கியது. அதற்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவிலேயே கட்டை நிற்கிற மாதிரிக் கழுத்தைப் பிடிக்க வேண்டும். இதுதான் அவளுடைய சட்டம். பொள்ளாச்சியில் கோடும் இல்லை, கட்டையும் இல்லை.

எனக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் வாய் தானாகத் திறந்துவிடும். “அம்மிணி, இந்தக் கட்டை எங்க சொசைட்டி எலக்சன்ல நின்னா ஜெயிச்சுரும் போலிருக்குதுங்க” என்றேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். பச்சைக் கட்டை துள்ளிக் குதித்தது. சத்தம் நின்றது.

“மறுபடியும்” என்றாள்.

இந்த ஒரு சொல்தான் அவள். யாராவது என்னிடம் வந்து அவள் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால், மறுபடியும் என்று சொல்வேன். கட்டை கொஞ்சம் இறங்கினால் மறுபடியும். ஏறினால் மறுபடியும். எல்லாம் சரியாக வந்துவிட்டால், சரியாக வந்துவிட்டதே என்று சந்தேகப்பட்டு மறுபடியும். நடுநடுவே ஒரு சின்ன மேசைக் கடிகாரத்தைப் பார்த்து ஓய்வு கொடுப்பாள். அந்த நேரத்தில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “ரெஸ்ட்டு கழுத்துக்கு. உங்களுக்கு இல்ல” என்றாள்.

வலது காது வந்தபோது பொள்ளாச்சி வித்தையைக் காட்டினேன். பல்லைக் கடித்து நெருக்கினேன். கட்டை மேல் கோட்டைத் தாண்டிக்கொண்டு போயிற்று. அவள் எழுந்து வந்து என் தாடையில் விரலை வைத்தாள்.

“பல்லக் கடிக்காதீங்க.”

“கடிக்கலீங்களே.”

“தாடை கல்லு மாதிரி இருக்கு. யார ஏமாத்துதீங்க?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பையிலிருந்து பொள்ளாச்சித் தாளை எடுத்து நீட்டினேன். “பாருங்க. ரெண்டு பக்கமும் சமம். படிச்சவங்கதான எழுதியிருக்காங்க? உங்களுக்கு மட்டும் எதுக்குங்க இத்தன கெரகம்?”

அவள் தாளின் முன்பக்கத்தைப் பார்த்தாள், பின்பக்கத்தைப் பார்த்தாள், என் மடியில் வைத்தாள்.

“இதுல காது இல்ல. கழுத்துதான் இருக்கு.”

பிறகு, நான் கேட்காமலே, ஏதோ சுவரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். காதுக்குள் சத்தம் போட்டால், உள்ளே பாலன்ஸ் பார்க்கிற உறுப்பு கழுத்துத் தசையை ஒரு நூலளவு சுண்டும். அந்தச் சுண்டலைத்தான் மிஷின் பிடிக்கிறது. தசை தளர்ந்திருந்தால் நல்ல காதும் கெட்ட காது மாதிரித் தெரியும். தசையை முறுக்கினால் கெட்ட காதும் நல்ல காது மாதிரித் தெரியும். “கழுத்துதான் தராசு. தராச ஒரு பக்கம் நீங்க கையால அமுக்கிட்டு சமம்ங்கீங்க.”

அதோடு விட்டிருக்கலாம். “எங்க அம்மா எஸ்டேட்ல கொழுந்து நிறுக்கப் போவாங்க. கணக்கப்பிள்ளை ஈரம்னு சொல்லி ரெண்டு கிலோ கழிப்பான். மழை பெஞ்சாலும் ரெண்டு கிலோ, வெயில் அடிச்சாலும் ரெண்டு கிலோ. ஈரத்த எவனும் அளந்து நான் பாத்ததில்ல” என்றாள்.

மனசில் இருந்ததை ஒரு ஆள் சொல்கிறாள் என்றால் சும்மா கேட்டுக்கொள்ள வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்ப என் கழுத்துல எத்தன கிலோ ஈரம்ங்க கழிப்பீங்க?” என்றேன். அவள் ஸ்டிக்கரைப் பிய்த்தாள். மெதுவாகப் பிய்க்கவில்லை.

“இன்னிக்கு எடுத்ததுல பாதி ஆகாது. இன்னொரு நாள் வாங்க. ரெண்டு நாள் எடுத்ததும் ஒண்ணு போல இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.”

மூன்றாவது தடவையா! சாவி டிராயரில் கிடக்கிறது. சங்கத்தில் என் வண்டியை யாரோ ஒரு தற்காலிக ஆள் ஓட்டி கியரைக் கரகரவென்று அரைக்கிற சத்தம் காலையில் எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது. அந்த எரிச்சலோடு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று பேர் அங்கே இருந்தார்கள். ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஒருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆள் கூடினால் போதும்.

அவள் கழுத்தில் ஒன்றைக் கவனித்திருந்தேன். இரண்டு பக்கமும் காசளவுக்குத் தோல் சிவந்து கன்றியிருக்கும். முதல் நாளும் இருந்தது, அன்றைக்கும் இருந்தது. “நம்ம கழுத்த அந்தம்மா நெரிக்குது. அந்தம்மா கழுத்த ஊட்டுல புருசன் நெரிக்கறான் போலிருக்குது. அதும் ஒரு தடவையில்லீங்க. மறுபடியும்! மறுபடியும்!” என்று அவள் குரலிலேயே சொன்னேன். கடையே சிரித்தது. டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் அந்த மாதத்தில் சொன்ன ஜோக்குகளிலேயே அதற்குத்தான் அதிகக் கூலி கிடைத்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே என் சம்சாரம் நிறுத்தினாள். “இதென்னுங்க கழுத்துல ரெண்டு பக்கமும் செவந்து கெடக்குது?”

“ஸ்டிக்கர் ஒட்டறதுக்குத் தேச்சாங்க” என்றேன். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஊரே என்னைப் புத்திசாலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

மூன்றாம் முறை எட்டு மணிக்கே போய்விட்டேன். முதல் கழுத்தாக நுழைந்தால் சீக்கிரம் முடியும் என்ற கணக்கு. மாடியில் யாரும் இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

நோயாளி படுக்கும் சாய்வு நாற்காலியில் அவள் தனியாகச் சாய்ந்திருந்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் ஸ்டிக்கர். காதில் குழாய். தலையைத் தூக்கித் திருப்பி, திரையில் பச்சைக் கட்டையைப் பார்த்தபடி இருந்தாள். கட்டை இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. சத்தம் நின்றதும் கை நீட்டி ஒரு பட்டனை அழுத்தி, தனக்குத்தானே, “மறுபடியும்” என்றாள்.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு எழுந்தபோது என்னைப் பார்த்தாள். ஸ்டிக்கரைப் பிய்த்தாள். காசளவுச் சிவப்பு.

“பாத்தாச்சா? மிஷின் நேத்து மாதிரி இன்னிக்கும் இருக்கான்னு பாக்குதேன். நேத்து எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்ச கழுத்து இது ஒண்ணுதான். தினமும் காலைல எடுக்கேன்.” மேசையில் ஒரு தடித்த ஃபைலைத் தட்டினாள். “எனக்குப் புருசன் இல்ல. அதையும் டீக்கடைல சொல்லிருங்க. நல்லாச் சிரிப்பாங்க.”

“தப்புத்தானுங்க” என்று முனகினேன். கேட்டாளோ என்னவோ. “உக்காருங்க” என்றாள்.

உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. டீக்கடையில் நான் நெரித்த அதே கழுத்துக்காரியின் கையில் இப்போது என் கழுத்து. என் சாவி, என் சம்சாரத்தின் முன் சீட்டு எல்லாம் அவள் எழுதப்போகும் ஒரு வரியில் இருக்கிறது. அவள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நானாக இருந்தால் எழுதியிருப்பேன்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. கட்டை இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அதே இன்ச் டேப், அதே தேய்ப்பு. கூட ஒரு தேய்ப்பும் இல்லை, குறைத்து ஒரு தேய்ப்பும் இல்லை. இடது நாலு தடவை, வலது நாலு தடவை, நடுவில் கடிகாரம் பார்த்து ஓய்வு. முடித்துவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

“வலது பக்கம் அடி வாங்கியிருக்கு” என்றாள்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். தப்புத்தான் என்று முனகிய வாயே கத்தியது. “பழி வாங்கறீங்களா அம்மிணி? ஒரு வார்த்த பேசினதுக்கு என் பொழப்புல கை வெக்கறீங்களே!”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இங்கன வாங்க” என்றாள். போனேன். போன தடவை எடுத்ததில் தேறின தாளையும் அன்றைக்கு எடுத்த தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். வெயில் ஊடுருவியது. வலப்பக்கக் கோடுகள் எல்லாம் ஒரே கோடாகத் தெரிந்தன. இறங்க வேண்டிய இடத்தில் லேசாக இறங்கி, ஏற வேண்டிய இடத்தில் லேசாக ஏறி, சோம்பேறி மாதிரிப் படுத்துக் கிடந்தன. இடப்பக்கம் அதைப்போல இரண்டு மடங்கு ஏறி இறங்கியது.

“இது நீங்க டீக்கடைக்குப் போறதுக்கு முந்தி எடுத்தது. இது இன்னிக்கு எடுத்தது. எனக்கு உங்களப் பிடிக்கல. அது இதுல எங்கயாவது தெரியுதான்னு பாருங்க.”

பார்த்தேன். எங்கேயும் தெரியவில்லை.

கீழே டாக்டர் தாள்களைப் பார்த்துவிட்டு, தலை சுற்றல் சொல்லாமல் வருகிறது, இந்தப் பக்கம் பாதிப்பும் இருக்கிறது, மாத்திரை எழுதுகிறேன், ஆறு மாதம் வண்டி வேண்டாம், பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார். மறுபடி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கழுத்து வலித்தது. செக்ரட்டரி என்னைச் சங்கத்துக் கொட்டகையில் கேன் கழுவப் போட்டார். தற்காலிக ஆள் ஆறு மாத ஆளானான். என் சம்சாரம் அவன் வண்டியில்தான் வேலைக்குப் போனாள். அவன் ஜோக் சொல்லுகிறானா என்று கேட்டேன். “ரோட்டப் பாத்து ஓட்டறானுங்க” என்றாள்.

ஆறு மாதமும் கழுத்துக்காரியைத் திட்டிக்கொண்டே கேன் கழுவினேன். நடுவில் இரண்டு தடவை கொட்டகை எழுந்து நின்றது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை.

கெடு முடிந்து போனபோது கடைசி அறையில் அவள் இல்லை. வேலையை விட்டுவிட்டு மூணாறுப் பக்கமே போய்விட்டாளாம். அவள் இடத்தில் கலகலப்பான ஒரு மனிதர் இருந்தார். “வரூ சேட்டா” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். இன்ச் டேப் இல்லை. திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் ஜோக் சொன்னேன், அவர் சிரித்தார், அவர் ஒன்று சொன்னார், நான் சிரித்தேன். டக் டக் டக். பத்து நிமிடம். ‘இரண்டு பக்கமும் சமம்.’

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போனேன். செக்ரட்டரிக்குப் போன் போட வேண்டியதுதான் பாக்கி. நாளைக்குச் சாவி கையில். டீ வந்தது. ஒரு வாய் குடித்தேன். தாடை வலித்தது.

பல்லைக் கடித்திருக்கிறேன். எப்போது கடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வலது காதுக்குச் சத்தம் வந்ததும் தாடை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருக்கிறது. என் தாடையில் விரல் வைத்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சம்சாரம் போன் பண்ணினாள். “என்னாச்சுங்க? நாளைக்கு நம்ம வண்டிலயே வந்தர்லாங்களா?”

குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! சம்சாரத்தின் மேல் இல்லை, கலகலப்பான மனிதர் மேல் இல்லை. எங்கேயோ மலை மேல் உட்கார்ந்துகொண்டு தன் கழுத்தைத் தானே தேய்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பாழாய்ப்போனவள் மேல். “அப்பறம் பேசறேன்” என்று போனை வைத்துவிட்டு, பாதி டீயை அப்படியே விட்டுவிட்டு, அவளைத் திட்டிக்கொண்டே இரண்டு மாடி ஏறினேன்.

“எந்தா சேட்டா, எதாவது மறந்துட்டீங்களா?” என்றார் அவர்.

“மறுபடியும் எடுங்க” என்றேன்.

“எதுக்கு? நல்லாத்தானே வந்திருக்கு?”

“இதுல காது இல்லீங்க. கழுத்துதான் இருக்குது. அந்தத் திரைய இப்படித் திருப்புங்க. பச்சைக் கட்டை ஒண்ணு இருக்கும், அதப் போடுங்க.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு காலத்தில் நான் அவளைப் பார்த்த அதே பார்வை. முணுமுணுத்துக்கொண்டே திரையைத் திருப்பினார். நான் வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன், பல்லோடு பல் சேராமல். இடது மூன்று தடவை, வலது மூன்று தடவை. வலப்பக்கக் கோடு ஆறு மாதத்துக்கு முன்னால் கிடந்த மாதிரியே படுத்துக் கிடந்தது.

இப்போதும் கேன்தான் கழுவுகிறேன். கொட்டகைக்கு வருகிறவர்கள் ஏன் வண்டியை விட்டுவிட்டாய் என்று கேட்டால் அவளைப் பற்றிச் சொல்லுவேன். அவள் குரலில் பேசிக் காட்டுவேன், சிரிப்பார்கள். டீக்கடை ஜோக்கை மட்டும் சொல்வதில்லை. மற்றபடி ஒரே வண்டியை என்னிடமிருந்து இரண்டு தடவை பிடுங்கிய ஆள் அவள் ஒருத்திதான். இரண்டாவது தடவை அவள் அந்த ஊரிலேயே இல்லை.